டிரௌக்குக்குக் கத்தி எதற்கு?

ஸ்டைன்வோக், லோஃபோட்டன்
1884 பிப்ரவரி 19

அன்புள்ள ஒலாவா அக்காவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டிய கடிதத்தை இன்று எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்து அடுப்பில் போட்டேன். உட்கார்ந்துகொண்டு படி அக்கா.

ஹால்வோர் அத்தான் போய்விட்டார். வியாழக்கிழமை அவருடைய கூட்டாளி மிக்காலுக்குக் காய்ச்சல். கடலில் போட்ட கயிற்றுத் தூண்டிலை எடுக்க அத்தான் தனியாகக் கிளம்பினார். "தனியாப் போகாதீங்க அத்தான்" என்று சொன்னேன். "மீன் மாட்டிக் கிடக்கும் பொண்ணே, விட்டா அழுகிப் போயிடும். நீ காப்பியை அடுப்புல வை, வந்துடுறேன்" என்றார். மதியம் காற்று தென்மேற்குக்குத் திரும்பியது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அத்தான் படகு மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்காரரும் அவர் ஆட்களும் போய்க் கருந்திட்டுப் பாறைக்கு வெளியே படகு கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள். உடல் கிடைக்கவில்லை.

வியாழன் மாலையில், கடலில் மூழ்கிச் செத்துப் பேயாக அலையும் டிரௌக்கின் குரல் கேட்டதாக இங்கே பேச்சு. அது கத்தினால் அப்புறம் மனிதரால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. அவருக்கு நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான் அக்கா.

நாங்கள் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். கடவுள் உன்னைத் தாங்கட்டும்.

உன் தங்கை
ஹென்ரிக்கே

* * *

ருக்கோயா தீவு
1884 மார்ச் 8

அன்புள்ள ஹென்ரிக்கேவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து பசுவுக்குத் தண்ணீர் காட்டினேன், ஆடுகளை உள்ளே அடைத்தேன். அதெல்லாம் முடிந்த பிறகுதான் அழ நேரம் கிடைத்தது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அழுது முடித்து இரண்டாம் முறை படித்தபோது ஒரு வரி தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. "டிரௌக்கின் குரல் கேட்டதாக இங்கே பேச்சு." யாருடைய பேச்சு? யார் காதில் விழுந்தது? கரையில் நின்றவர்களுக்கா, கடலில் இருந்தவர்களுக்கா? எந்தப் பக்கமிருந்து வந்தது? நீ சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறவள். அப்பா பிடித்த மீனின் கண் எந்த நிறம் என்றுகூடச் சொல்வாய். இதில் மட்டும் ஏன் இப்படி மொட்டையாக எழுதியிருக்கிறாய்?

அவருடைய பெட்டியையும் கையுறைகளையும் அனுப்பு. இடுப்புக் கத்தியும் பெல்ட்டும் அவரோடுதான் போயிருக்கும். படகு எனக்கு வேண்டும். அதை அங்கே யாருக்கும் கொடுத்துவிடாதே. மிக்கால் மீன்காலம் முடிந்து திரும்பும்போது கொண்டு வரட்டும். அவன் காய்ச்சல் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரன் சீவெர்ட்டும் நீயும் நன்றாக இருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
ஒலாவா

* * *

ஸ்டைன்வோக்
1884 மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ தெம்பாக இருப்பது தெரிந்து ஆறுதல். நானும் நலம். இவருக்குத்தான் இருமல் விடவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ராத்திரிக் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

இந்த வருடம் மீன் பரவாயில்லை. காயப்போட்ட மீன் வரிசையைப் பார்த்தால் உனக்கே ஆச்சரியமாக இருக்கும். பனி இன்னும் உருகவில்லை. வியாபாரி கடையில் காப்பிக்கொட்டை தீர்ந்து பெண்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரோ சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்லிக் கேட்பது மேல். டிரௌக் ஏறி வருமே பாதிப் படகு, கருந்திட்டுப் பக்கம் அப்படி ஒன்றைப் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அதில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தலை இருந்த இடத்தில் கடற்பாசி. போட்டிருந்தது அத்தானுடைய தோல் அங்கி என்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை அக்கா. பயந்த மனிதர்கள்.

பெட்டியும் கையுறையும் மிக்காலிடம் கொடுத்தாயிற்று. படகையும் அவனே ஓட்டி வருவான். எனக்கென்னவோ வழியிலேயே அதை விற்றுவிடச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பார்த்துப் பார்த்து மனசைப் புண்ணாக்கிக்கொள்வானேன்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
ஹென்ரிக்கே

* * *

ருக்கோயா
1884 ஏப்ரல் 29

ஹென்ரிக்கேவுக்கு,

நலம். நீயும் நலமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மிக்கால் வந்து சேர்ந்தான். படகை இழுத்துக் கரையேற்ற வழக்கமாக ஊரே ஓடி வரும். ஹால்வோர் எத்தனை பேர் படகுக்குத் தோள் கொடுத்திருப்பார்! இந்த முறை ஆண்கள் எல்லோரும் வலையைத் தைக்கிறேன், வேலியைக் கட்டுகிறேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் மிக்காலும்தான் இழுத்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால் எங்கள் படகுக் கொட்டகைக் கதவில் யாரோ தாரால் சிலுவை போட்டிருக்கிறார்கள். டிரௌக் உள்ளே வராமல் இருப்பதற்காம். என் கொட்டகைக்கு, என் புருஷனைத் தடுக்க, என்னைக் கேட்காமல்! கத்தியால் சுரண்டி எடுத்தேன். சுரண்டச் சுரண்ட ஆத்திரம்தான் ஏறியது.

அன்றே படகைக் கவிழ்த்து அடியில் தார் பூச ஆரம்பித்தேன். அடிக்கட்டைக்குப் பக்கத்துப் பலகையில் கத்திக் குத்துகள் இருக்கின்றன. ஒன்று கீழே, அடுத்தது அதற்கு மேலே, கடைசிக் குத்து கட்டையை ஒட்டி ஆழமாக. அந்தக் கடைசி ஓட்டை ஆடி ஆடி அகன்றிருக்கிறது. உள்ளே கத்தி முனை ஒடிந்து நிற்கிறது.

கவிழ்ந்த படகில் ஏறுகிறவன் இடுப்புக் கத்தியைப் பலகையில் குத்தி அதைப் பிடித்துக்கொண்டுதான் கிடப்பான். இந்தக் கரையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். ஹால்வோர் உடனே சாகவில்லை. படகின் முதுகில் ஏறிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கிடந்திருக்கிறார்.

மிக்காலைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"இந்தக் கத்தி எங்கே மிக்கால்?"

"எனக்கு எப்படித் தெரியும் அக்கா? நான் காய்ச்சல்ல கிடந்தேன். நான் பார்க்கிறப்ப படகு நிமிர்ந்துல்ல நின்னுச்சு."

"கை விட்டு விழுறவன் கத்தியைப் புடுங்கிக்கிட்டா விழுவான்?"

"மாட்டான்."

"அப்ப யாரு புடுங்கினது? முனை ஒடியற அளவுக்கு யாருக்கு அவசரம்?"

"என்னைக் கேட்காதீங்க. படகை முதல்ல பார்த்தது நான் இல்லையே" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு நடந்துவிட்டான்.

முதலில் பார்த்தது யார் என்று நீயே எழுதியிருக்கிறாய். கத்தி எங்கே ஹென்ரிக்கே?

ஒலாவா

* * *

ருக்கோயா
1884 ஜூன் 3

ஹென்ரிக்கேவுக்கு,

தபால் கப்பல் வந்தது, போனது, மறுபடி வந்தது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் சீவெர்ட்டாவது எழுதியிருப்பான். ஆகவே நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேள். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தீவிலிருந்து வைக்கோல் ஏற்றி வர ஆள் கேட்டேன். படகு என்னுடையது, துடுப்புப் போட ஒரு ஆள் போதும். ஒருவனும் வரவில்லை. பக்கத்து வீட்டு கிர்ஸ்டன்ஸா வேலியருகே வந்து நின்றாள்.

"அந்தப் படகுல யார் ஏறுவா ஒலாவா? நீயே யோசிச்சுப் பாரு."

"ஏன், அதுல என்ன?"

"அது... அவரோட படகுல்ல."

"எவரோட? ஹால்வோர்னு சொல்லேன். வாய் வெந்தா போகும்?"

"ஐயோ, பேரைச் சொல்லாதே! வந்து நிக்கும்!" என்று ஏப்ரனைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வரட்டுமே என்றேன். வந்தால் கொட்டகைக் கூரையையாவது சரிசெய்துகொடுப்பார், நீங்கள் ஒருவரும் செய்யவில்லையே என்றேன். அவள் ஓடியே போய்விட்டாள்.

இவளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று புயலில் மருத்துவச்சியை அழைத்துவரப் படகு எடுத்தவர் ஹால்வோர். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் வாயைப் பொத்துகிறார்கள். ஊருக்கெல்லாம் ஓடிய மனிதனைப் பூதமாக்கிவிட்டார்கள். உங்கள் ஊரில் கிளம்பிய கதைதான் இங்கே வந்து என் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்று கத்தியது மனிதன், ஹால்வோர் என்கிற மனிதன் என்று கேட்டவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

பதில் எழுது.

ஒலாவா

* * *

ஸ்டைன்வோக்
1884 ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நேற்று முன்தினம் நடுக்கோடைத் தீ மூட்டினோம். சூரியன் இறங்காததால் தீ இருப்பதே தெரியவில்லை. இவர் வரவில்லை.

படகில் இருக்கும் தழும்பு பாறையில் மோதியதாக இருக்கலாம் என்கிறார் இவர். டிரௌக்கும் படகின் அடியில் ஏறும்போது அப்படித்தான் குத்திக் கீறுமாம். பழைய ஆட்கள் பார்த்திருக்கிறார்களாம்.

உலர்ந்த மீன் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் சாம்பல் நிறக் கம்பளி நூல் இருந்தால் கொஞ்சம் அனுப்பு.

இதற்கு மேல் கேட்காதே அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹென்ரிக்கே

* * *

ருக்கோயா
1884 ஜூலை 14

ஹென்ரிக்கே,

மீன் வந்தது. பூனைக்குப் போட்டுவிட்டேன். அது மட்டும் நலம்.

டிரௌக் கத்தியால் குத்தியதா? டிரௌக்குக்குக் கத்தி எதற்கடி? அது ஏற்கெனவே செத்தது. அதற்கு விழுந்துவிடுவோம் என்ற பயமா, குளிரா, வீட்டில் காத்திருக்கிற பெண்டாட்டியா? பலகையில் குத்தித் தொங்கிக்கொண்டு கிடப்பதற்கு அதற்கு என்ன தலையெழுத்து?

நான் எதையும் நம்பாதவள் என்று நினைக்காதே. டிரௌக் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று படகுக் கொட்டகைக்கு நானும் தனியாகப் போகமாட்டேன். ஆழத்தில் தீவளவு பெரிய கிராக்கன் கிடக்கிறது என்பதையும் நம்புகிறேன். மீன் அள்ளி அள்ளி வந்து, ஈயக்குண்டு இறங்கும் ஆழம் திடீரென்று குறைந்தால், அது மேலே எழும்புகிறது, துடுப்பைப் போட்டு ஓடிவிட வேண்டும் என்று அப்பா சொன்னது உனக்கும் நினைவிருக்கும். கடல் நாகத்தைப் பார்த்தேன் என்று சித்தப்பா பைபிள் மேல் கை வைத்துச் சொன்னார், அதையும் நம்பினேன். அவையெல்லாம் கடலில் இருந்துவிட்டுப் போகட்டும். இரவல் வாங்கி வந்து உங்கள் கோழைத்தனத்துக்குப் போர்த்தாதீர்கள். அந்தப் பூதங்களுக்கே அது அவமானம்.

உன் வீட்டுக்காரன் படகு அன்று கடைசியாகத்தான் திரும்பியது என்று மிக்கால் இப்போது வாயைத் திறந்தான். உங்கள் துறைக்கு வருகிற எந்தப் படகும் கருந்திட்டைச் சுற்றித்தான் வர வேண்டும்.

சீவெர்ட்டை நான் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன். நம் இருவரையும் ஒரே தாய்தான் பெற்றாள், நமக்குப் பிள்ளை குட்டி என்று வேறு யாரும் இல்லை. அவன் கேட்டானா? ஆம், இல்லை. ஒரு வார்த்தை போதும்.

ஒலாவா

* * *

ஸ்டைன்வோக்
1884 ஆகஸ்ட் 31

அக்கா,

ஆம்.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஆறு வாரம் ஆயிற்று. இவர் உருளைக்கிழங்குப் பாத்தியில் இருக்கிறார். அவர் வருவதற்குள் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அன்று மாலை வெளிச்சம் முழுதும் போகவில்லை. வீட்டுக்கு வந்தவர் பூட்ஸைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் செத்த முகம்.

"கூப்பிட்டுச்சு" என்றார்.

"எது?"

"கருந்திட்டுக்கு அந்தப் பக்கம். அலைக்குள்ள இருந்து. என் பேரைச் சொல்லி. சீவெர்ட், சீவெர்ட்னு."

"அத்தான் இன்னும் வரலையேங்க. அவரா இருந்தா?"

"மனுஷனா இருந்தா காப்பாத்துன்னு கத்துவான். இது என் பேரை மட்டும் விடாமக் கூப்பிடுது. படகுல ஆறு பேர் இருக்கோம். மத்தவன் பேரெல்லாம் அதுக்குத் தெரியல, என் பேர் மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

இங்கத்து வழக்கம் உனக்குத் தெரியாதிருக்கலாம். டிரௌக் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. பதில் சொன்னவன் அடுத்த வருடம் அதன் படகில் துடுப்புப் போடுவான் என்பார்கள். வெறும் கூச்சல் என்றால் இவர்கள் போய்ப் பார்த்திருப்பார்கள் அக்கா. கோழைகள் இல்லை, எத்தனையோ பேரை இழுத்துப் போட்டவர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால்தான் ஓடிவிட்டார்கள். முனையைத் திரும்பும் வரைக்கும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

இவர் படகின் பாயில் இருக்கும் சிவப்பு ஒட்டு நான் போட்டது. வேறு எந்தப் படகிலும் அது இல்லை. அதைப் பார்த்துத்தான் அத்தானுக்குத் தெரிந்திருக்கும். சகலை படகு வருகிறது, பிழைத்தோம் என்றுதான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். இது எனக்கு அன்றைக்கே உறைத்தது. "திரும்பிப் போங்க" என்றேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நான் கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றினேன்.

மறுநாள் கத்தி பலகையில் நின்றது. இவர் பிடுங்கித் தண்ணீரில் போட்டார். "பார்த்ததை மறந்துடுங்க" என்று ஆட்களிடம் சொன்னார். பாதிப் படகு, தோல் அங்கி என்ற கதையெல்லாம் அதற்கு அப்புறம்தான் கிளம்பியது. இவர் கிளப்பவில்லை. ஆனால் யாரோ சொன்னபோது இவர் இல்லை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்து உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஹென்ரிக்கே

* * *

ருக்கோயா
1884 செப்டம்பர் 21

ஹென்ரிக்கே,

சுகம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்ப் படகின் மேல் உட்கார்ந்து படித்தேன். பிறகு சத்தம் போட்டு அழுதேன். கிர்ஸ்டன்ஸா கதவைச் சாத்திக்கொண்டாள். டிரௌக் என்று நினைத்திருப்பாள்.

யாரோ ஒரு வெளியூர்க்காரன் அங்கே கிடந்து வெறுமனே ஊளையிட்டிருந்தால் பிழைத்திருப்பான். சொந்தக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் என் புருஷன் செத்தார். இதைவிட அநியாயம் இந்தக் கடலில் உண்டா? சீவெர்ட் கல்யாணத்துக்குக் கோட்டு இல்லாமல் நின்றபோது தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். அந்தப் பெயரை அவர் எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பார்! மேஜையில், படகில், பாதையில். அந்தக் குரலைத் தெரியாதாம். காதில் மெழுகா ஊற்றியிருந்தது?

பயத்தைக்கூட மன்னித்துவிடுவேன். அலைக்கு நடுவில் யாருக்கும் பயம் வரும், எனக்கும் வரும். ஆனால் மறுநாள் காலையில் கத்தியைப் பார்த்த பிறகு என்ன பயம்? அப்போது தெரிந்துவிட்டதே! தெரிந்தே பிடுங்கி எறிந்துவிட்டு, செத்தவரைப் பூதம் என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கஞ்சி குடித்தானே! அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. நீ அந்தக் கஞ்சியை ஊற்றினாய் என்பதையும்.

உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் கோயில் மேட்டில் நிற்பார்கள். காணாமல் போன ஆட்டிலிருந்து வரி வரைக்கும் அங்கேதான் சொல்வார்கள். சீவெர்ட் அந்த மேட்டில் நின்று சொல்லட்டும்: கூப்பிட்டது ஹால்வோர், எனக்குக் கேட்டது, நான் போகவில்லை. மூன்றே வரி. அவன் சொல்லாவிட்டால் அந்தப் படகை நானே ஓட்டிக்கொண்டு வந்து, குத்துத் தெரிகிற மாதிரி உங்கள் துறையில் கவிழ்த்து வைப்பேன். எவன் துடுப்புப் போட வருவான் என்று கேட்காதே. தனியாகவே வருவேன்.

ஒலாவா

* * *

ஸ்டைன்வோக்
1884 அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த வார்த்தையைப் பொய்யில்லாமல் எழுதி ரொம்ப நாள் ஆகிறது.

உன் கடிதத்தை இவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு ஞாயிறு பூசை முடிந்ததும் மேட்டில் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாம் ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பும்போது கேட்டேன்.

"இன்னைக்குச் சொல்லுவீங்களா?"

"சொன்னா என் படகுல நாளைக்கு எவன் ஏறுவான்?"

"அக்கா படகுலயும்தான் ஒருத்தனும் ஏறலையாம்."

இவர் முன்னால் நடந்துவிட்டார். பூசை முடிந்தது. மேட்டில் அரசாங்க அறிவிப்புகளைப் படித்து முடித்தார்கள். "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று வழக்கம்போலக் கேட்டார்கள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறிவிப்புப் படிக்கும் கல்லின் மேல் நானே ஏறிவிட்டேன் அக்கா.

"பொம்பளை ஏறுற இடமா இது?" என்று பின்னால் ஒருவன் சொன்னான்.

"ஏற வேண்டிய ஆம்பிளைங்க எட்டு மாசமா வாயில மீனை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அதான் நான் ஏறினேன்" என்றேன். உன் குரலே என் வாயிலிருந்து வந்தது போலிருந்தது.

சொல்லிவிட்டேன். கருந்திட்டில் கூப்பிட்டது ஹால்வோர். என் வீட்டுக்காரருக்கும் அவர் ஆட்களுக்கும் கேட்டது. மறுநாள் கத்தி பலகையில் நின்றது. எனக்கு எல்லாம் அன்றைக்கே தெரியும். அவர் டிரௌக் இல்லை, என் அக்கா புருஷன்.

"ஹென்ரிக்கே, வீட்டுக்கு வா" என்றார் இவர். மெதுவாகத்தான் சொன்னார்.

அப்போது இவர் படகில் முன்துடுப்புப் போடும் தொபியாஸ் கிழவர் தொப்பியைக் கழற்றினார். "அவ சொல்றது நிஜம். எனக்கு அப்பவே குரல் தெரிஞ்சுது" என்றார்.

இவர் திரும்பினார். "தெரிஞ்சுதா? பின்ன ஏன்யா சொல்லல?"

"பேசாதேன்னு நீதானே கையைக் காட்டின, சீவெர்ட்? படகுல நீதான் தலைவன். ஆனா நானும் வாய் உள்ள மனுஷன்தான். ஒவ்வொரு ராத்திரியும் அதை நினைச்சுக்கிட்டுத்தான் படுக்கிறேன்."

பெண்கள் சிலர் அழுதார்கள். பாதிப் படகைப் பார்த்ததாகச் சொன்னவன் கூட்டத்தில் எங்கே போனான் என்றே தெரியவில்லை. அடுத்த ஞாயிறு பாதிரியார் கடலில் இறந்தவர்களுக்கான ஜெபத்தில் ஹால்வோர் அத்தானின் பெயரை உரக்கப் படித்தார். ஊர் முழுக்க ஆமென் சொன்னது. அதை உனக்காக நான் நின்று கேட்டேன்.

அன்று நான் வீட்டுக்குப் போனபோது என் பெட்டி வாசலில் இருந்தது. கதவு உள்ளே தாழ். இவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே இருமுவது மட்டும் கேட்டது. தொபியாஸ் வீட்டில் இருக்கிறேன். அவர் மனைவி நல்லவள், ஆனால் எத்தனை நாள் இருக்க முடியும்? நவம்பர் கடைசியில் தெற்கே போகும் கப்பல் ருக்கோயாவில் நிற்கும் என்கிறார்கள். என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் சொல். ட்ரான்ட்ஹெய்மில் வீட்டு வேலை கிடைக்கும், அங்கே போய்விடுகிறேன்.

ஹென்ரிக்கே

* * *

ருக்கோயா
1884 நவம்பர் 6

அன்புள்ள ஹென்ரிக்கேவுக்கு,

நான் நலம். பசு நலம். பூனை கொழுத்துவிட்டது.

உன் கடிதத்தை வியாபாரி கடையில் ஆள் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து எடுத்துப் போய், நடுவில் நின்று படித்தேன். பாதியில் வெளியே நழுவப் பார்த்தவர்களைப் பெயர் சொல்லி நிறுத்தினேன். படித்து முடித்ததும் கிர்ஸ்டன்ஸா அழுதாள். "ஹால்வோர் நல்ல மனுஷன்" என்றாள். ஹால்வோர் என்றே சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் கழித்துத்தானா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நேற்று அவள் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் நம் படகில் ஏறி வைக்கோல் கொண்டு வந்து போட்டார்கள். நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை கொடுக்கவில்லை.

ட்ரான்ட்ஹெய்மாம், வீட்டு வேலையாம். உதைப்பேன். பேசாமல் இங்கே வா.

மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்லாதே, எழுத வரவில்லை. நீ அன்று ஒரு தடவைதான் சொன்னாய். நூறு தடவை சொல்லியிருக்க வேண்டும். கூரையில் ஏறிக் கத்தியிருக்க வேண்டும். தொபியாஸ் கிழவரைத் துடுப்பும் கையுமாக இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி உன்னைத் திட்டப் போகிறேன். நீ கேட்டுக்கொண்டு கம்பளி நூற்க வேண்டும். பிறகு சாப்பிட வேண்டும். பிறகு தூங்க வேண்டும். படுக்கை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் இங்கே பகலிலும் இருட்டுதான். கப்பல் துறைக்கு வராது. தள்ளி நிற்கும், சின்னப் படகில்தான் இறக்கிவிடுவார்கள். முகம் தெரியாது. நான் கரையில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

நீ பதில் சொல்லு.

உன் அக்கா
ஒலாவா